சுவரை வைத்துத்தான் சித்திரம்: நம் வீட்டு அறைக்கு நாமே வண்ணம் பூசுவது எப்படி?



நான் பெயின்டர் அல்ல. 35 ஆண்டுகள் கணக்கு எழுதிச் சம்பாதித்து, ஓய்வு பெற்று, மும்பை செம்பூரில் வசிப்பவன். எங்கள் கட்டடம் 1974-இல் கட்டியது. அதன் இரண்டாவது மாடியில் இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வீடு எங்களுடையது. அதில் உள்ளறைக்கு நான் இரண்டு முறை என் கையாலேயே வண்ணம் பூசினேன். முதல் முறை பூசியது நான்கே வாரம் நின்றது. இரண்டாம் முறை பூசியது 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளின் மழையையும் தாங்கி நின்றது. இரண்டு முறையும் ஒரே கடை, ஒரே கம்பெனி, ஒரே நிறம். அப்படியென்றால் வேறுபாடு எங்கே இருந்தது? அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை. என்னைப் போல் ஏமாறாமல் இருக்க யாருக்காவது உதவினால் மகிழ்ச்சி.

முதல் முறை செய்த தவறு

2022 செப்டம்பர் மாதம். நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருந்தது. கொலு வைக்கும் உள்ளறையின் மேற்குச் சுவரில் தேநீர் சிந்தியதுபோல் ஒரு கறை. காண்ட்ராக்டர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். வீடு முழுவதற்கும் 38,000 ரூபாய் கேட்டார். நாக்காவில் காலையில் நிற்கும் ஆட்களை அழைக்கலாம் என்றால், பண்டிகைக் காலத்தில் அவர்களுக்கு ஏகக் கிராக்கி.

"பொங்கலுக்குப் பொங்கல் ஊரில் வெள்ளையடித்தவன்தானே நான், இதென்ன பெரிய வித்தை?" என்றேன் மனைவியிடம். "என்னங்க, அது சுண்ணாம்பு, இது வேறயில்லையா?" என்று அவள் கேட்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. ஊரில் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, துளி நீலம் கலந்து, மட்டையால் அடிப்போம். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். சுவருக்குள் இருக்கும் ஈரம் அதன் வழியே ஆவியாக வெளியே போய்விடும். இன்று நாம் பூசும் எமல்ஷன் பெயின்ட் காய்ந்ததும் சுவர்மேல் மெல்லிய ஏடாகப் படிகிறது. உள்ளே ஈரம் இருந்தால் எளிதில் வெளியேற வழியில்லை. அந்த ஈரம் ஏட்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பும் ஈரத்தோடு வந்து ஏட்டுக்குப் பின்னால் பூக்கிறது.

நான் கறையைச் சுரண்டி, அதன்மேல் இரண்டு பூச்சு அடித்தேன். கொலுவுக்கு வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அக்டோபர் 24, தீபாவளி. எண்ணெய்க் குளியல் முடித்து உள்ளறைக்குப் போனால், மேற்குச் சுவர் அப்பளம் போல் பொரிந்திருந்தது. விரலால் தொட்டேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் கையோடு வந்தது. பின்னால் வெள்ளை வெளேரென்று உப்பு.

சுவரின் நோயை அறிய மூன்று சோதனைகள்

சங்கத்து நண்பர் ஒருவர் பல ஆண்டுகள் பெயின்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் வந்து சுவரைப் பார்த்துவிட்டு மூன்று சோதனைகளைச் சொல்லிக்கொடுத்தார். காசு செலவில்லாத சோதனைகள்.

1. துணிச் சோதனை: கறுப்புத் துணியால் சுவரை அழுத்தித் தேயுங்கள். துணியில் வெள்ளை மாவு ஒட்டினால் அடியில் இருப்பது பழைய சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். அதை முழுவதும் சுரண்டி எடுக்காமல் எதைப் பூசினாலும் ஒட்டாது. மாவின் மேல் ஒட்டிய பெயின்ட் மாவோடு சேர்ந்தே உதிரும்.

2. டேப் சோதனை: பழைய பெயின்டில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் சிறு கோடுகள் கீறி, ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால் அந்த இடம் பலமில்லை என்று அர்த்தம். வராவிட்டால் அதைச் சுரண்ட வேண்டாம். அதன்மேலேயே வேலை செய்யலாம்.

3. பிளாஸ்டிக் சோதனை: சுமார் ஓர் அடி சதுரமுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவர்ப் பக்கம், நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் துளி நின்றால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் செய்தாலே பெரும்பாலும் தீரும்.

எங்கள் மேற்குச் சுவரில் துளிகள் உட்புறம் இருந்தன. மழை நின்று மூன்று வாரமாகியும் குறையவில்லை. ஆகவே அது மழை ஈரம் அல்ல. மேல்வீட்டில் அந்த இடத்துக்கு நேராக இருப்பது குளியலறை.

மேல்வீட்டில் தனியாக இருப்பவர் எழுபது வயதான மராத்தி அம்மாள். இருபது ஆண்டுப் பழக்கம் என்றாலும், கசிவு என்ற பேச்சை எடுத்தால் மும்பைக் கட்டடங்களில் உறவு முறிவது நமக்குத் தெரிந்ததே. புகார்க் கடிதம் எழுதலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் கடிதம் எழுதவில்லை. அவரையே கீழே அழைத்து வந்து, பிளாஸ்டிக் தாளின் உட்புறத்துத் துளிகளைக் காட்டினேன். பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. குளியலறையில் தண்ணீர் போகும் துளையைச் சுற்றி ஓடுகளின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. நவம்பர் முதல் வாரத்தில் பழுது பார்த்தோம். செலவை ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொண்டோம். என் பங்கு 4,500 ரூபாய்.

இந்த இடத்தில் பொறுமை வேண்டும். கசிவு நின்ற அன்றே சுவர் காய்ந்துவிடாது. பொரிந்த சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்தோம். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளினோம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. அது கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். நவம்பர் நடுவில் கொத்தனாரைக் கொண்டு புதிதாகச் சிமெண்டு பூசி, ஒரு வாரம் தண்ணீர் தெளித்தோம். புதுச் சிமெண்டுப் பூச்சு பெயின்டுக்குத் தயாராகக் குறைந்தது 28 நாள் ஆக வேண்டும். நான் ஜனவரி வரை விட்டேன். மறுபடியும் பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பார்த்து, இரண்டு நாளும் துளி இல்லை என்று உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்கினேன்.

ஜன்னலில் இருந்த ஆபத்து

2023 பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் புனேயிலிருந்து வந்திருந்தார்கள். மகளுக்கு நான்காம் மாதம். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான், அந்த உள்ளறைதான் தாய்க்கும் பிள்ளைக்கும் என்று முடிவாகியிருந்தது. பொங்கலுக்கு மறுநாள் நான் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். "அப்பா, நீங்க சுவரைப் பாருங்க, ஜன்னலை நான் தேய்க்கிறேன்" என்று உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் மரத்தில் இருந்தது கட்டடம் கட்டிய காலத்துப் பச்சை எனாமல். நாலு தேய்ப்பில் பச்சைத் தூள் கிளம்பியது.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்த நண்பர் வாசலிலேயே செருப்பை விடாமல் உள்ளே வந்தார். "அம்மா, அதைக் கீழே வை. முதலில் எழுந்து வெளியே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு" என்றார். அவர் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு விளக்கினார். பழைய எனாமல் பெயின்டுகளில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயச் சேர்மங்கள் தாராளமாகப் பயன்பட்டன. நிறத்துக்கும் ஈயம், சீக்கிரம் காய்வதற்கும் ஈயம். நம் நாட்டில் 2016-இல் வந்த விதிகளின்படி, வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இது 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எனாமலில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சுவரிலோ மரத்திலோ கெட்டியாக ஒட்டியிருக்கும் வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூள்தான் ஆபத்து. தூள் மூச்சிலும் வாயிலும் போகிறது. கர்ப்பிணியின் இரத்தத்தில் கலந்த ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். தரையில் தங்கிய தூள், பின்னால் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்குப் போகும். வளரும் மூளையை ஈயம் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கண்டறியப்படவில்லை.

எங்கள் ஜன்னல் பெயின்டை நாங்கள் பரிசோதிக்கவில்லை. பரிசோதிக்காததால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்தோம். மகளும் மாப்பிள்ளையும் அன்று மாலையே புனே திரும்பினார்கள். மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டாள். கவலைப்பட ஏதுமில்லை என்று தெரியும் வரை எனக்குத் தூக்கமில்லை. அதன்பின் நாங்கள் கடைப்பிடித்த முறை இது:

• உரியாமல் கெட்டியாக இருக்கும் பழைய எனாமலைச் சுரண்டவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, மேலேயே பூசலாம்.
• உரிந்த இடத்தை மட்டும், தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாளால் ஈரமாகவே தேய்க்க வேண்டும். தூள் பறக்காது, குழம்பாக வரும். அதைத் துணியால் வழித்து எடுக்கலாம்.
• கீழே பிளாஸ்டிக் விரிக்க வேண்டும். முடிந்ததும் அதை உள்பக்கமாக மடித்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.
• துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும்.
• நெருப்புக் காட்டிப் பெயின்டை உரிக்கக் கூடாது. கைக்குட்டை போதாது. முகத்தில் சரியாகப் படியும் என்-95 முகக்கவசம் வேண்டும்.
• அன்று உடுத்திய துணியைத் தனியே துவைக்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து துடைத்தாகும் வரை அந்தப் பக்கமே வரக் கூடாது.

எவ்வளவு பெயின்ட் வாங்குவது?

கணக்கனுக்குப் பிடித்த பகுதி. எங்கள் அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 9.5 அடி. சுற்றளவு 44 அடி. 44 x 9.5 = 418 சதுர அடி. கதவு 21, ஜன்னல் 16, ஆக 37 சதுர அடியைக் கழித்தால் 381. இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் எவ்வளவு வரும் என்று டப்பாவின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். கைப்பழக்கம் இல்லாத எனக்கு 120 சதுர அடி வந்தது. 381-ஐ 120-ஆல் வகுத்தால் சுமார் 3.2 லிட்டர். 4 லிட்டர் டப்பா ஒன்று போதும். மீதியைப் பத்திரமாக மூடி வைத்தால் பின்னால் ஒட்டுப்போட உதவும். சீலிங் 120 சதுர அடி. அதற்கு வெள்ளை ஒரு லிட்டர்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது அட்டையை நம்பாதீர்கள். அட்டையில் வெளிறித் தெரியும் நிறம் நான்கு சுவரிலும் ஏறினால் ஒரு படி அழுத்தமாகத் தெரியும். சுவரில் இரண்டு அடிக்கு இரண்டு அடி பூசி, காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். கடையில் இயந்திரத்தில் கலந்து தரும் நிறத்தின் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேல் டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். டப்பாவுக்கு டப்பா சிறு வித்தியாசம் இருக்கலாம்.

வேலை நடந்த வரிசை

முதல் நாள்: சாமான்களை அறை நடுவே சேர்த்து மூடினேன். மெயின் சுவிட்சை அணைத்து, சுவிட்சுப் பலகையின் மூடிகளைக் கழற்றினேன். உரிந்ததையும் மாவாக வருவதையும் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தேன். மூலையில் பூஞ்சை இருந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசல் தடவி, சிறிது நேரம் கழித்துக் கழுவினேன். இதோடு கழிப்பறை அமிலத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

இரண்டாம் நாள்: ஜன்னல், மேலே சொன்ன முறையில். சுவர் காய விட்டேன்.

மூன்றாம், நான்காம் நாள்: பட்டி பார்த்தல். வெள்ளைச் சிமெண்டுப் பட்டிப் பொடி ஒரு கிலோவுக்குச் சுமார் 400 மில்லி தண்ணீர். பொடியில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல், தோசை மாவை விடக் கெட்டியாகக் கலக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவே கலக்குங்கள். சுவரை லேசாக நனைத்து, தகட்டால் மெல்லிசாக இழுக்க வேண்டும். ஒரே நாளில் தடித்துப் பூசினால் வெடிக்கும். முதல் பூச்சு கீழிருந்து மேல், மறுநாள் இரண்டாவது பூச்சு இடமிருந்து வலம். மேற்குச் சுவருக்கு முழுவதும், மற்றவற்றுக்கு வேண்டிய இடத்தில் மட்டும். 20 கிலோ மூட்டை ஒன்று போதுமாயிற்று.

ஐந்தாம் நாள்: 180 எண் உப்புத்தாளில் தொடங்கி 320-இல் முடித்தேன். சுவரின் ஓரத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். தூசியை நன்றாகத் துடைத்து, பிற்பகலில் பிரைமர். பட்டி உறிஞ்சிக்கொள்வதைப் பிரைமர் தடுக்கும். இதைத் தவிர்த்தால் மேல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரியும்.

ஆறாம், ஏழாம் நாள்: முதலில் சீலிங், பிறகு சுவர். ஓரங்களையும் மூலைகளையும் இரண்டங்குல பிரஷ்ஷால் பூசி, அது காயும் முன் ரோலரை ஓட்ட வேண்டும். ரோலரைப் பெயின்டில் முக்கியெடுத்து, தட்டில் உருட்டி வடித்து, சுவரில் குறுக்கும் மறுக்குமாகப் பரப்பி, கடைசியில் மேலிருந்து கீழாக லேசாக ஓட்டி முடியுங்கள். ஒரு சுவரின் நடுவில் காப்பி குடிக்கப் போகாதீர்கள். காய்ந்த விளிம்பின் மேல் மறுபடி பூசினால் பட்டை தெரியும். இரண்டு பூச்சுக்கும் இடையே டப்பாவில் சொன்ன நேரத்துக்கு மேலும் இரண்டு மணி நேரம் விட்டேன். கடற்காற்று அடிக்கும் ஊரில் அது நல்லது.

எட்டாம் நாள்: ஜன்னலுக்கும் கதவுக்கும் எனாமல். டப்பாவில் ஈயம் சேர்க்காதது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கினேன். பூசியபின் ஒரு வாரம் ஜன்னலைத் திறந்தே வைத்தோம்.

எட்டு நாளில் சுவரில் நிறம் ஏறியது இரண்டே நாள் என்பதைக் கவனியுங்கள். மற்ற நாட்களின் வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. முதல் முறை நான் அந்த நாட்களைத்தான் மிச்சம் பிடித்தேன். அறைக்கு ஆன செலவு, பட்டி, பிரைமர், பெயின்ட், ரோலர் எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை உள்வேலையானாலும் தொடங்காதீர்கள். நவராத்திரிக்கு முன் முடிக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. மழையில் ஊறிய சுவருக்கு அந்த அவசரம் தெரியாது. டிசம்பர் முதல் மார்ச் வரை சரியான காலம். ஒன்றும் முடியாவிட்டால் கறையுள்ள சுவரில் ஒரு பட்டுப் புடவையைத் தொங்கவிட்டுக் கொலு வையுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

2023 ஜூனில் முதல் மழையோடு பேத்தி பிறந்தாள். அந்த மழைக்காலம் முழுவதும் தினம் காலையில் எழுந்து மேற்குச் சுவரைத் தடவிப் பார்ப்பேன். உலர்ந்தே இருந்தது. நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு முறை வந்தபோது, அதே சுவரில் இரண்டடி உயரத்துக்குக் கிரேயானால் ஏதோ எழுதி வைத்துவிட்டாள். யானை என்றாள். மீந்த பெயின்ட் இன்னும் டப்பாவில் இருக்கிறது. ஆனாலும் அந்த இடத்தில் பூச எனக்கு மனம் வரவில்லை.

ஏணி, ரோலர், பட்டி இழுக்கும் தகடு மூன்றும் என்னிடம் சும்மா இருக்கின்றன. வேண்டுபவர்கள் மாதக் கூட்டத்தில் கேட்டால் இரவல் தருகிறேன். பிளாஸ்டிக் தாள் ஒட்டிச் சோதித்துவிட்டு வந்தவர்களுக்கு முன்னுரிமை.